மறுபடி சொல்லப்படும் கதைகள்

கதைக்குப் பிறந்த ஊர் உண்டு, வேலி இல்லை. ஓரிடத்தில் தோன்றிய கதை கப்பலேறியும் கால்நடையாகவும் பல நாடுகளுக்குச் செல்கிறது. சென்ற இடத்து மக்களின் மொழியை அணிந்துகொள்கிறது; அவர்கள் உண்ணும் உணவையும் தொழும் தெய்வத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஒருவர் சொன்ன கதையை மற்றொருவர் தம் நோக்கத்துக்கு ஏற்ப மறுபடி சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தின் ஒரு பகுதியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கிறித்தவ எழுத்தாளர்களும் சமயத் தொண்டர்களும் தேவதைக் கதைகளையும் நாட்டார் கதைகளையும் எடுத்து, தம் சமய நெறியை இளைஞர்க்கு உணர்த்தும் பொருட்டு மறுபடி சொல்லியிருக்கிறார்கள். அவற்றுள் சில கதைகள் இன்றும் நம் நாவில் வாழ்கின்றன. சில கதைகளைப் படிக்கும்போது இரண்டு குறைகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, பிற மக்களைத் தாழ்வாகக் காணும் சார்பு. மற்றொன்று, கதை கதையாக ஓடாமல் நின்றுவிடும் சோர்வு. இவ்விரண்டும் ஒன்றாகவே வருவது ஏன் என்பதுதான் என் வினா.

சமயத்தை எடைபோடுவது என் நோக்கம் அன்று. கதையைக் கதையாக எடைபோடுவதே நோக்கம். இராயபுரத்தில் புனித பேதுரு ஆலயமும், திருவொற்றியூரில் தியாகேசர் திருக்கோயிலும் ஒரே கடற்கரையில் நிற்கும் வடசென்னையைச் சேர்ந்தவன் நான். இரு திறத்துக் கதைகளையும் கேட்டு வளரும் மாணவர்கள் வாழும் இடம் அது.

மறுபடி சொல்வதே ஒரு குற்றம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. புத்தர் பெருமானின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொள்வோம். துன்பம் அறியாமல் வளர்க்கப்பட்ட இளவரசன் ஒருநாள் வெளியே வருகிறான். நோயாளியையும் முதியவரையும் காண்கிறான். ‘எனக்கும் இந்நிலை வருமோ?’ என்று கலங்குகிறான். முடிவில் அரசைத் துறக்கிறான். இந்தக் கதை பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் முதலிய மொழிகளைக் கடந்து இலத்தீனுக்குச் சென்றது. போகும் வழியில் இளவரசன் கிறித்தவனாகிவிட்டான். போதிசத்துவன் என்னும் பெயர் மருவி மருவி யோசபாத்து ஆயிற்று. அவனுக்கு அறிவு புகட்டிய துறவிக்குப் பர்லாம் என்று பெயர் வழங்கிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் வரிசையில் இவ்விருவரும் இடம்பெற்றார்கள். பெயர் மாறியது, சமயம் மாறியது. முதுமையைக் கண்டு திடுக்கிட்ட அந்த இளைஞனின் நெஞ்சு மட்டும் மாறவில்லை. அதனால் கதையும் வலிவு குன்றவில்லை.

இனி, வலிவு குன்றிய ஒரு கதையைப் பார்ப்போம். சார்லஸ் கிங்ஸ்லி என்பவர் இங்கிலாந்து நாட்டுத் திருச்சபையின் குருவானவர், கற்றவர், ஏழைகளிடத்தில் இரக்கம் உடையவர். ‘தண்ணீர்க் குழந்தைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய தேவதைக் கதை 1863-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அதன் தலைவன் டாம் என்னும் சிறுவன். அந்நாளில் இங்கிலாந்து வீடுகளின் புகைபோக்கிகளைத் துடைப்பதற்குச் சிறுவர்களையே உள்ளே ஏறச் செய்வார்கள். டாம் அவ்வாறு ஒரு மாளிகையின் புகைபோக்கிக்குள் வழி தவறி, செல்வர் வீட்டுச் சிறுமி ஒருத்தியின் வெண்மையான படுக்கை அறையில் வந்து இறங்குகிறான். அங்கே கண்ணாடியில் ஓர் உருவத்தைக் காண்கிறான். கரியும் கந்தலுமாக நிற்கும் அவ்வுருவத்தை முதலில் ஒரு கருங்குரங்கு என்றே நினைக்கிறான். பிறகு அது தானே என்று தெரிகிறது. வெட்கம் தாங்காமல் ஓடுகிறான், துரத்தப்படுகிறான், தூய்மையாக வேண்டும் என்ற ஏக்கத்தோடு ஓடையில் இறங்குகிறான். அங்கே அவன் மண்ணுலக வாழ்வு முடிந்து, நீருலகக் குழந்தையாக மறுபிறவி தொடங்குகிறது. திருமுழுக்கினால் பாவம் கழுவப்படும் என்னும் சமயக் கருத்தைக் குழந்தைகளுக்கு விளக்குவதற்கு ஆசிரியர் அமைத்த உருவகம் இது.

நான் வடசென்னையில் மாணவர்க்குப் பாடம் சொல்லிவந்த காலத்தில் இக்கதையை ஒருமுறை சுருக்கிச் சொன்னேன். நிலக்கரி இறக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் அவ்வகுப்பில் இருந்தான். அவன் எழுந்து, “ஐயா, அவன் மேலே இருந்தது வேலை செய்த கரிதானே? அதற்கு அவன் ஏன் வெட்கப்பட வேண்டும்? வேலை வாங்கியவர் அல்லவா வெட்கப்பட வேண்டும்?” என்று கேட்டான். திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அம்மாணவன் மூன்று வினாக்களில் கூறிவிட்டான்.

அவ்வினாவின் பின்னணியை நேயர்கள் அறிதல் வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட காலத்தில் காற்றோடு வரும் கரித்தூள் இராயபுரத்து வீடுகளின் திண்ணையிலும், உலரும் துணியிலும், மூடி வைத்த சோற்றுப் பானையிலும் படிந்தது. 2011-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் அத்தொழில் அங்கிருந்து விலக்கப்பட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. கரியோடு வாழும் மக்களுக்குக் கரி என்பது பாவத்தின் சின்னம் அன்று, உழைப்பின் சுவடு, சில வேளைகளில் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட அநீதியின் சுவடு. வெள்ளை அறையில் வாழ்வோரின் கண்ணிலிருந்து பார்த்தால்தான் அது குற்றமாகத் தோன்றும். கிங்ஸ்லி டாமின்மீது உண்மையாகவே இரங்கினார். அவருடைய நூல் பொதுமக்களின் நெஞ்சைத் தொட்டது. 1864, 1875 ஆகிய ஆண்டுகளில் புகைபோக்கிச் சிறுவர்களைக் காக்கச் சட்டங்கள் இயற்றப்பட்ட சூழ்நிலையில் அந்நூலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பர். இவ்வளவு நல்ல நெஞ்சம் படைத்தவரும் உருவகத்தைத் தேடிய வேளையில் தூய்மைக்கு வெண்மையையும், இழிவுக்குக் கருமையையும் குரங்கையும் கைக்கொண்டார். சார்பு என்பது கொடியவர்களிடம் மட்டும் இருப்பதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

அந்நூலின் பிற்பகுதியில் இக்குறை இன்னும் வெளிப்படையாகிறது. உழைக்க விரும்பாத ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தாழ்ந்து குரங்குகளாகிவிடுகிறது. அவற்றுள் கடைசிக் குரங்கு தானும் மனிதனே என்று சொல்ல முயன்று, பேச்சு வராமல், வேட்டைக்காரனால் சுடப்பட்டு மடிகிறது. அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் ‘நானும் ஒரு மனிதன் அல்லனோ?’ என்ற கருத்தையே தங்கள் முழக்கமாகக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இக்காட்சியின் கொடுமை விளங்கும். ஐரிஷ் மக்கள், யூதர், அமெரிக்கர், கத்தோலிக்கர் ஆகியோரைப் பற்றிய ஏளனச் சொற்களும் நூலில் ஆங்காங்கே உள்ளன. இங்கே மற்றொன்றையும் கவனியுங்கள். ஏளனமும் உபதேசமும் வரும் இடங்களிலெல்லாம் டாம் காணாமற்போகிறான். ஆசிரியர் அறிவியலாரோடு வாதிடுகிறார், பெற்றோர்க்கு அறிவுரை கூறுகிறார், பட்டியல்களை அடுக்குகிறார். கண்ணாடியின் முன் நின்று அழுத சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்று அறிய விரும்பும் குழந்தை பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

சார்பு ஒரு கதைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை மற்றொரு சான்றால் தெளிவாகக் காணலாம். ‘துறவியும் சிறுவனும்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்று 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சாயிற்று. அதில் ஒரு சிறுவனுக்கு மாயக்குழல் ஒன்று கிடைக்கிறது. அதை ஊதினால் கேட்டவர் ஆடியே தீர வேண்டும். தன்னை அடிக்க வந்த கிறித்தவத் துறவியைச் சிறுவன் முட்புதருக்குள் ஆட வைக்கிறான். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளிலும் இதே கதை இருக்கிறது. 1815-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் அது இடம்பெற்றது. அங்கே குழல் பிடிலாக மாறியிருக்கிறது. முட்புதருக்குள் ஆடுபவரும் மாறியிருக்கிறார். துறவி இருந்த இடத்தில் இப்போது ஒரு யூதர் நிற்கிறார். முடிவில் தூக்கிலும் தொங்குகிறார்.

கதையின் எலும்புக்கூடு ஒன்றே. அதில் அடிபடுவதற்கு ஓர் ஆள் தேவை. சொல்பவர் தம் ஊரார் யாரை இகழ்கிறார்களோ அவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார். அவ்யூதர் இன்ன தீமை செய்தார் என்று கதை முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஆட்டம் தாங்க முடியாமல் தாம் திருடியதாக அவரே கூறிவிடுகிறார், வழக்கு முடிந்துவிடுகிறது. துன்புறுத்தி வாங்கிய வாக்குமூலத்தை நீதி என்று ஏற்குமாறு குழந்தைகள் பழக்கப்படுகிறார்கள். அவர் யூதர் என்பதே போதிய குற்றம் என்று எண்ணியதால், அவருடைய செயலைக் காட்டும் உழைப்பைக் கதைசொல்லி மேற்கொள்ளவில்லை. கதை நொய்ந்துபோனது அதனாலேதான்.

கிரிம் சகோதரர்கள் பாதிரிமார் அல்லர். எனினும், கிறித்தவக் குடும்பங்களில் குழந்தைகள் கையில் கொடுக்கத் தக்க நூலாகத் தம் தொகுப்பை ஆக்கும் விருப்பம் அவர்களிடம் வளர்ந்தது. 1812-ஆம் ஆண்டு முதல் 1857-ஆம் ஆண்டு வரை வந்த ஏழு பதிப்புகளில் பல கதைகள் திருத்தப்பட்டன. சமயச் சொற்களும் கூடின. வறுமையால் குழந்தைகளைக் காட்டில் விட்டுவரும் ஹேன்சல், கிரெட்டல் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். முதற்பதிப்பில் அவ்வாறு செய்யத் துணிபவள் பெற்ற தாய். பிற்பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய்மையின் தூய்மையைக் காக்க எண்ணிச் செய்த திருத்தம் இது. ஆனால், பசி பெற்றவளையும் எந்த நிலைக்குத் தள்ளும் என்னும் அச்சந்தரும் வினா அத்திருத்தத்தால் மறைந்துவிட்டது. மாற்றாந்தாய் என்றால் கொடியவள் என்னும் பழியும் உறுதிப்பட்டது. ஒரே சொல்லால் சார்பும் புகுந்தது, கதையின் ஆழமும் குறைந்தது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு ஒன்று. சார்பும் சோர்வும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. கதைக்குள் நிற்கும் மனிதனை உற்றுப் பார்ப்பதைக் கதைசொல்லி நிறுத்திவிடுவதே அவ்வேர். உற்றுப் பார்க்காதபோது அவன் இனத்துக்கோ நிறத்துக்கோ தொழிலுக்கோ ஒரு சின்னமாகிவிடுகிறான். சின்னத்துக்கு மனம் இல்லை. மனம் இல்லாதவனுக்கு அடுத்து என்ன நேரும் என்று நாம் ஏங்குவதும் இல்லை.

அப்படியானால் சமயக் கதை என்றாலே வலிவற்றதுதானா? அன்று என்பதற்குத் திருவொற்றியூரிலேயே சான்று இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் சுந்தரர், சங்கிலியார் திருமண வரலாறு வருகிறது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூர்க் கோயிலில் மாலை தொடுத்துவந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொள்கிறார். இறைவனிடமே தூது வேண்டுகிறார். ‘உன்னைப் பிரியேன் என்று அவன் சூளுரைப்பான்’ என்று இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி உறுதி கூறுகிறான். சுந்தரரோ ஒரு தந்திரம் செய்கிறார். ‘நான் சன்னிதியில் சூளுரைக்க வரும்போது நீர் அங்கே இராமல் மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டும்’ என்று இறைவனை வேண்டிக்கொள்கிறார். இறைவனும் இசைகிறான், இசைந்த கையோடு மறுபடி சங்கிலியாரின் கனவில் தோன்றி, ‘மகிழ மரத்தடியிலேயே சூளுரை கேள்’ என்றும் சொல்லிவிடுகிறான்! மறுநாள் தோழியர் அவ்வாறு கேட்கச் சுந்தரர் திகைக்கிறார். வேறு வழியின்றி மகிழின்கீழ் வாக்குக் கொடுக்கிறார். பின்னொரு நாள் திருவாரூர் நினைவு மேலிட ஒற்றியூர் எல்லையைக் கடக்கிறார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழக்கின்றன.

இதில் பக்தி இருக்கிறது, நீதியும் இருக்கிறது. ஆயினும் அடியவர் பொம்மையாக இல்லை. ஆசைப்படுகிறார், சூழ்ச்சி செய்கிறார், அகப்பட்டுக்கொள்கிறார். சங்கிலியார்க்கு அச்சமும் எச்சரிக்கையும் உள்ளன. இறைவனே ஒரு குறும்பு செய்கிறான். ‘ஆதலால் வாக்குத் தவறாதீர்’ என்று எவரும் நம் காதில் ஓதவில்லை. எல்லையைத் தாண்டிய காலும் இருண்ட கண்ணும் போதுமானவை. மகிழடிச் சேவை இன்றும் அக்கோயிலில் விழாவாக நடைபெறுகிறது.

அதே பெரிய புராணத்தில் திருநாவுக்கரசரை நீற்றறையில் இட்ட சமணர்களைப் பற்றிய பகுதியையும் நேர்மையோடு படிக்க வேண்டும். அங்கே சமணர்கள் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே வருகிறார்கள். அவர்களுள் ஒருவராவது தயங்கினாரா, வருந்தினாரா என்று நாம் அறிய வழியில்லை. தம் சமயத்தாரைப் பாடும்போது பல திறப்பட்ட மனங்களைக் காட்டிய பெரும்புலவர், எதிர்ச்சமயத்தாரைப் பாடும்போது ஒரே முகத்தைக் காட்டுகிறார். ஆகவே இக்குறை எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை அன்று.

தமிழ்நாட்டுக் கிறித்தவ எழுத்தாளர்களிடம் வருவோம். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், தமிழர் வணங்கும் தெய்வங்களையும் அவற்றின் கதைகளையும் கேட்டறிந்து 1713-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். தாய்நாட்டிலிருந்த அவருடைய மேலோர் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-ஆம் ஆண்டில்தான் அது சென்னையில் அச்சேறியது. தாம் உடன்படாத கதைகளையும் கேட்ட ஒருவர், கேட்கவே வேண்டாம் என்றிருந்த வேறு சிலர் என்னும் இரு திறத்தாரும் அன்று ஒரே சபையில் இருந்தனர்.

வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யை அறியாத தமிழ் மாணவர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய அக்கதை, 1822-ஆம் ஆண்டில் இலண்டனில் பாபிங்டன் என்பவரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிடப்பட்டது. ஆற்றைக் கடந்த பின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ‘ஒருவனைக் காணோம்’ என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் ஐரோப்பாவிலும் வழங்கிய கதைகளே. இங்கிலாந்தில் கோதம் என்னும் ஊராரைப் பற்றி இத்தகைய கதைகள் உண்டு. மெய்ப்பொருளை உணர்ந்தவர் என்று பொருள்படும் பெயரை ஒரு பேதைக் குருவுக்கு இட்டதில், தமிழ்நாட்டுக் குருமாரைப் பற்றிய ஏளனம் இருக்கிறது என்று கூறுவாரும் உளர். அது நியாயமான ஐயம்தான். ஆயினும் நூல் நம்மைச் சிரிக்க வைக்கிறது, எரிச்சலூட்டுவதில்லை. ஏன்? மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் அறிவில் குறைந்தவர்களே ஒழிய அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அவர்கள் உண்மையாகவே அழுகிறார்கள். உபதேசம் என்று ஒரு வரியும் ஒட்டப்படவில்லை. பேச்சுத் தமிழின் ஓசையும் தமிழ்நாட்டு வழிநடையும் சத்திரமும் அதில் இருக்கின்றன. அதனால் தமிழர் அதைத் தம் கதையாகவே ஏற்றுக்கொண்டனர்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை நெல்லை நாட்டில் வைணவக் குடும்பத்தில் 1827-ஆம் ஆண்டில் பிறந்து, 1858-ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூல நூலில் மனிதர்க்குப் பண்புகளின் பெயர்களே இடப்பட்டுள்ளன. பிடிவாதம் என்று பெயர் பெற்றவன் பிடிவாதம் அன்றி வேறொன்றும் செய்ய இயலாது. உருவகக் கதைகளுக்கு இயல்பாகவே உள்ள இச்சோர்வு தமிழ்க் காப்பியத்தையும் சில இடங்களில் தொடர்கிறது. ஆனால் இயேசு பெருமான் பாடுபட்ட நிகழ்ச்சியைக் கிருஷ்ண பிள்ளை பாடும் இடத்தில் அது இல்லை. அங்கே பண்புப் பெயர்கள் மறைகின்றன. அடிபடும் ஒரு மனிதரும் அவர் பொறுமையும் கண்முன் நிற்கின்றன. கம்பரிடம் பயின்ற ஓசை அங்கே கிறித்தவப் பொருளுக்குக் கைகொடுக்கிறது. தமக்கு முன்னிருந்த மரபை இகழ்ந்து ஒதுக்காமல் அதன் தோள்மேல் ஏறி நின்றதால் அவர் கவிதை உயர்ந்தது.

மாணவர்களே, மறுபடி சொல்லப்பட்ட கதை எதைப் படித்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். இதில் இழிந்தவனாகக் காட்டப்படுபவன் செய்த தீமை என்ன. அதைக் கதை காட்டுகிறதா, அல்லது அவன் பிறப்பையும் நிறத்தையும் சொல்லி நிறுத்திவிடுகிறதா? இதே கதையை அவன் சொன்னால் எப்படி இருக்கும்? கடைசியில் உள்ள நீதி வாக்கியத்தை நீக்கிவிட்டால் கதை நிற்குமா, விழுந்துவிடுமா? இவ்வினாக்களைப் பிறர் கதைகளிடம் மட்டும் கேட்டால் அதுவும் ஒரு சார்பே. நம் பாட்டிமார் கதைகளில் வரும் மாற்றாந்தாயையும், ஊர்ப் பெயர் சொல்லியும் குலப் பெயர் சொல்லியும் நகையாடப்படும் மூடர்களையும் இதே வினாக்களால் சோதியுங்கள்.

சோதித்து முடித்த பின் எழுதவும் வேண்டும். புகைபோக்கிச் சிறுவனின் கதையை வெள்ளை அறையில் இருந்தவர் சொல்லிவிட்டார். கப்பலிலிருந்து கரி இறக்கியவரும், காசிமேட்டில் வலை பின்னுபவரும், எண்ணூர்க் கழியில் இறால் பிடிப்பவரும் தலைவர்களாக வரும் தேவதைக் கதைகள் தமிழில் இன்னும் மிகுதியாகத் தோன்ற வேண்டும். அவற்றில் நீரும் இருக்கலாம், மாயமும் இருக்கலாம், எந்தச் சமயத்தின் அருளும் இருக்கலாம். நிலைக்கண்ணாடியின் முன் வந்து நிற்கும் சிறுவன் தன் முகத்தைத் தன் முகமாகவே காணட்டும், அவ்வளவு போதும்.